தானாக வந்த பச்சைப் புள்ளி

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் டிரைவரம்மா போனை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வாள். வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரிகிற வரைக்கும் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது. அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று விட்டுவிடுவாள். சமையல் மேடையில் உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்திருக்கும் போனை விட்டுக் கண் நகராது.

போனில் ஒரே ஒரு பெயரைத்தான் திறந்து வைத்திருப்பாள். 'ராசா.' மகனை அவள் கூப்பிடும் பெயர் அது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி இருக்கும். கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் இணையத்தோடு சேர்ந்தவுடன் அது பச்சையாகும். பச்சையானதும், "அப்பாடா, போய் சேந்துட்டாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பால் வழிந்த அடுப்பைத் துடைக்கத் துணி தேடுவாள்.

மகன் பெயர் பச்சையானால் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததாக எப்படி அர்த்தம் என்று கேட்பீர்கள். அதுவும் அந்த மகன் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ராசா வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை. பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் பாதி இடம் அவனுக்கு, மறு பாதி பூட்டுக்குச் சாவி செய்கிற ஒருவருக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஷட்டர் ஒன்று, மெயின் சுவிட்ச் ஒன்று. ஒரு நாள் காலையில் "வரேம்மா" என்று சொல்லி ஸ்கூட்டரில் கிளம்பினான். அவள் வழக்கம்போல் கொஞ்ச நேரம் கழித்து, 'போய் சேந்துட்டியா ராசா?' என்று போனில் எழுதி அனுப்பினாள். தினமும் அனுப்புவாள். 'சேந்துட்டேன், சும்மா இரும்மா' என்று அவனும் தினமும் பதில் போடுவான். அன்றைக்குப் பதில் வரவில்லை. வேலையாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டு அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட உட்கார்ந்தாள். அவள் ஒவ்வொரு சட்டையாக மடித்து அடுக்கிய நேரமெல்லாம் அவன் ரோட்டோரத்தில் கிடந்தான்.

செய்தி வந்தது அப்பாக்காரர் போனில். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். ஊரெல்லாம் அவரை டிரைவர் என்றும் அவளை டிரைவரம்மா என்றும்தான் கூப்பிடும். அந்த போனை அன்றைக்கே அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் போட்டவர்தான். "இந்தச் சனியன் இனிமே என் கையில வேணாம்" என்றார். அதற்கப்புறம் யார் என்ன சொல்லியும் தொடவில்லை.

கடையை விற்றுவிடச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. "பெரிய வண்டிய ஓட்டினவன் நான், இந்தப் பொட்டி என்ன பிரமாதம்?" என்று தானே போய் உட்கார்ந்தார். காலையில் பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரியே கம்ப்யூட்டரைக் கிளப்புவார். முதலில் சுற்றி வந்து வயர்களை ஒரு நோட்டம். பிறகு பட்டன். பிறகு, "ம், எழுந்திரு" என்று ஓர் அதட்டல். அது எழுந்ததும் ராசா வைத்த கடவுச்சொல்லை ஒரு விரலால் தட்டுவார். திரையின் கீழ் மூலையில் விசிறி மாதிரி இருக்கிற அடையாளத்தைத் தட்டி, வரிசையாக வருகிற பெயர்களில் கடையின் பெயரைத் தேடி, 'இணை' என்பதை அமுக்க வேண்டும். தினமும் கையால்தான். யார் யாரோ வந்து உட்காருகிற இடம், பெட்டி கேட்காமல் எதிலும் சேரக் கூடாது என்று ராசா அப்படி வைத்திருந்தான். சேர்ந்துவிட்டால் அவனுடைய அரட்டைச் செயலி தானே விழித்துக்கொண்டு, அவன் வந்துவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லும்.

இது டிரைவருக்குத் தெரியாது. அவர் முதல் தடவை 'இணை'யை அமுக்கிய அந்தக் காலையில், வீட்டில் டிரைவரம்மாவின் போனில் ராசா பச்சையானான். அவள் அனுப்பி, அவன் போன் ரோட்டில் நொறுங்கிப்போனதால் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்த 'போய் சேந்துட்டியா ராசா?'வும் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் குறி காட்டியது. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்துகொண்டது. சாவிக்காரர் போனுக்குக் கூப்பிட்டு, "அண்ணே, ராசா வந்துட்டான் அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க" என்று அழுதாள். டிரைவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

போனைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "நான்தாம்மா. நான்தான் பொட்டிய போட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அழுது ஓய்ந்த பிறகு, "அத மூடிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். இருக்கட்டும்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இந்த வீட்டில் வந்த வினையெல்லாம் அந்தப் பேசாத பேச்சால் வந்தது.

முதல் சில வாரங்கள் அவள் மகனைத்தான் பார்த்தாள். பொய்யென்று தெரிந்தும், 'எழுந்துட்டியாடா' என்று முனகுவாள். ஆனால் ஒரு நாள் நல்ல மழை. புள்ளி வரவே இல்லை. ஜன்னலுக்கும் போனுக்குமாக நடந்தவள் சட்டென்று நின்றாள். யாருக்காக இப்படிப் பதறுகிறோம்? போனவனுக்கு இனி என்ன வரப்போகிறது? ரத்தக் கொதிப்பு மாத்திரையை வேளைக்குப் போடாமல், கையில் ஒரு போன் இல்லாமல், நனைந்துகொண்டு நடந்து போகிறாரே ஒரு மனுஷர், அவருக்குத்தான் இந்தப் பதற்றம் என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. அதிலிருந்து பெயர்தான் ராசா. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வீட்டுக்காரரை.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "எனக்கு என்ன கீழ விழுற வயசா?" என்று கோபித்துக்கொள்வார். அலமாரியில் கிடக்கிற போனை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கலாம். அந்த அலமாரியைத் திறக்கும்போதே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவளே பார்த்திருக்கிறாள். பச்சைதான் வருகிறதே, போதும் என்று இருந்துவிட்டாள்.

சில நாள் அவர் 'இணை'யை அமுக்க மறந்துவிடுவார். கடை திறக்கும்போதே ஆட்கள் நிற்பார்கள். ஜெராக்ஸ் எடுக்க இணையம் எதற்கு? புள்ளி மத்தியானம் வரும், இல்லையென்றால் வராமலே போகும். ரொம்பவும் தாங்க முடியாத நாளில் சாவிக்காரருக்குக் கூப்பிடுவாள். ஆனால் தினமும் கூப்பிட்டால் அவர் என்ன நினைப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் டிரைவர் வந்து பார்த்தால் மூடி வைத்த தட்டு மூடினபடி இருக்கும்.

"சாப்பிடலயா?"

"பசிக்கல."

அவர் தட்டைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், தலையில் அடித்துக்கொள்வார். ஐயோ, ஒரு நாள் முழுக்க இவளுக்கு மகனைக் காட்டாமல் விட்டுவிட்டோமே என்று அவர் நெஞ்சு வேகும். இந்த ஆண்பிள்ளைகளுக்கே ஒரு புத்தி உண்டு. என்ன ஏது என்று வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். சரி பண்ணக் கிளம்பிவிடுவார்கள்.

டிரைவர் கம்ப்யூட்டர் டாக்டரைக் கூப்பிட்டார். அந்தத் தெருவில் கெட்டுப்போன பெட்டிகளையெல்லாம் பார்க்கிற ஆள். இடுப்பில் திருப்புளிகளைச் செருகிக்கொண்டு வந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பார். கடையில் நடந்ததை டிரைவரம்மா பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சாவிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

"என்ன வியாதி?" என்று கேட்டாராம் டாக்டர்.

"வியாதியெல்லாம் இல்ல. காலையில நான் மறந்தாலும் நெட்டு தானா சேரணும்."

"பூ, இதுக்கா கூப்பிட்டீங்க?" டாக்டர் விசிறி அடையாளத்தைத் தட்டி, கடையின் பெயருக்குக் கீழே இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினார். 'தானாக இணை' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அதில் ஒரு டிக் போட்டார். பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். முதல் வாசலிலேயே அது கடவுச்சொல் கேட்டு நின்றது. "இதையும் எடுத்துடவா?"

"எடுத்துடுங்க."

"அப்ப நீங்க பட்டன மட்டும் அமுக்கினா போதும்."

டிரைவர் தாடையைத் தடவினார். "அதுவும் லேட்டாச்சுன்னா? வழியில யாராவது பிடிச்சுக்கிட்டா?"

"மெயின் போட்டதும் தானா எழுந்திரிக்கிற மாதிரி வெச்சிடலாம். பொட்டிக்குள்ளயே அதுக்கு ஒரு வழி இருக்கு."

பக்கத்தில் சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்த சாவிக்காரர் சிரித்திருக்கிறார். "மெயின போடுறது நான்தானே. டிரைவரே, இனிமே உங்களுக்கு இங்க வேலையே இல்ல. வீட்லயே படுத்துக்குங்க, வண்டி தானா ஓடும்."

டிரைவரும் சிரித்தார். "வீட்ல சொல்லிடாதீங்க. வேணும்னு பண்ணதுன்னு தெரிஞ்சா அவளுக்கு அது அவனா இருக்காது" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்ததாம்.

அதற்கப்புறம் பச்சை ஒரு நாளும் தவறவில்லை. சில நாள் அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், புள்ளி எரிந்துவிடும். "என்னங்க, பறந்தா போறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"பழைய ஆளுங்க பஸ்ஸுல ஏத்திக்கிறாங்க" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கழுவிக் கவிழ்த்திருந்த தட்டைப் பார்த்து உள்ளுக்குள் பூரித்துக்கொண்டார். நடக்காமல் பஸ்ஸில் போகிறாரே, நல்லதாய்ப் போயிற்று என்று அவளும் சந்தோஷப்பட்டாள். ஒருவருக்கொருவர் நல்லது செய்துகொண்டு எவ்வளவு நிம்மதியாக இருந்தார்கள் பாருங்கள்.

அன்றைக்குக் காலையில் செருப்பை மாட்டும்போதே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தல ஒரு மாதிரி கனக்குது."

"அப்ப இன்னைக்குப் போகாதீங்க. ஒரு நாள் கடை தொறக்கலன்னா குடி முழுகிடாது."

"நடந்தா சரியாயிடும். நீ ஒண்ணு" என்று கிளம்பிவிட்டார்.

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. சீக்கிரமே பச்சை வந்தது. "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தாள். போய்ச் சேர்ந்துவிட்டார், பக்கத்தில் சாவிக்காரர் இருக்கிறார், இனிப் பயமில்லை. துணி துவைத்தாள். வயிறாரச் சாப்பிட்டாள். நடுவில் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்; பச்சையாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் காற்று நன்றாக வந்தது, கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

அந்தத் தூக்கத்தை மட்டும் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கதவைத் தட்டியது சாவிக்காரர். கையெல்லாம் இரும்புத் தூள், மூச்சு வாங்கியது.

"டிரைவரம்மா, பதறாதீங்க. டிரைவர ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. வாங்க."

"எந்த டிரைவர?" என்றாள். பைத்தியக்காரக் கேள்விதான், வாயில் அதுதான் வந்தது. "அவரு கடையிலதானே இருக்காரு!"

"கடைக்கே வரலம்மா இன்னைக்கு."

"என்ன பேசுறீங்க? பாருங்க, இங்க பாருங்க." உள்ளே ஓடிப் போய் போனை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பச்சையா இருக்கு பாருங்க அண்ணே! காலையிலேருந்து இருக்கு!"

சாவிக்காரர் போனைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவள் போனைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தாள்.

டிரைவர் போகிற வழியில் பூட்டிக் கிடக்கும் ஒரு ஆலையின் மதில் உண்டு. அதன் கீழே சிமெண்ட் திண்டு. அதில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். எத்தனையோ பேர் அந்த வழியாகப் போனார்கள், வந்தார்கள். நிழலில் ஒரு பெரியவர் அசந்து தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் தெருக் கூட்டுகிற அம்மா ஒருத்தி, வாயோரம் எச்சில் வழிவதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டிருக்கிறாள். சாவிக்காரரும் காலையிலிருந்து பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருப்பார், கிளம்பி வந்து சேராவிட்டால்தான் அந்தம்மா கூப்பிடுமே என்று இருந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எப்பலேருந்து இப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"காலையிலேருந்து" என்றாள் அவள்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா மருந்து குடுத்திருக்கலாமேம்மா." டாக்டரம்மா அதட்டலாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உயிர் தப்பியது. வலது கை, வலது கால், பாதிப் பேச்சு போயிற்று.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சாவிக்காரர் அந்த டிக் போட்ட கதையைச் சொன்னார். கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கம்ப்யூட்டர் டாக்டரைத் திட்டினாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சாவிக்காரரையும் திட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கட்டிலோரம் நின்றாள்.

டிரைவர் அவளைப் பார்த்ததும் கோணிய வாயை எப்படியோ அசைத்தார். "ரா...சா... வந்தா...னா?"

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "ராசாவுக்காகவா நான் பாத்தேன்? அவன்தான் போயிட்டானே! நீங்க போய் சேந்துட்டீங்களான்னுங்க, உங்களத்தானேங்க நான் தினம் தினம் பாத்துக்கிட்டிருந்தேன்! பாவி நான், அன்னைக்கும் அவன் கிடக்கும்போது இஸ்திரி போட்டேன், இன்னைக்கும் நீங்க கிடக்கும்போது தூங்கினேனே!"

டிரைவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தெரி...யலயே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணீர் காது வரைக்கும் வழிந்தது.

அவர் வீடு வந்து, நாற்காலியில் உட்காரப் பழகிய பிறகு, கடைக்கு யார் போவது என்ற பேச்சு வந்தது. "நான் போறேன்" என்றாள். சமைத்து, அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முதல் நாள் அவள் போனபோது சாவிக்காரர் மெயினைப் போட்டார். யாரும் தொடாமல் பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது, திரை வந்தது, விசிறி அடையாளம் நிறைந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தூ என்று துப்ப வேண்டும்போல இருந்தது.

கம்ப்யூட்டர் டாக்டர் குற்றவாளி மாதிரி வந்து நின்றார்.

"பழையபடி ஆக்கிடுங்க" என்றாள். "மெயின் போட்டா எழுந்திரிக்கக் கூடாது. நெட்டு தானா சேரக் கூடாது. எல்லாம் கையாலதான்."

"எல்லாரும் தானா வரணும்னுதான் கேப்பாங்க..."

"எனக்குத் தானா வர்றது வேணாம். ஆளு வந்தாதான் அது வரணும்."

டாக்டர் உட்கார்ந்து, போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். அந்தச் சின்னக் கட்டம் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலிருந்த டிக்கை அவளே அழித்தாள்.

மறுநாள் காலை தன் போனை அவருடைய இடது கையில் வைத்துவிட்டு வந்தாள். ஆலை மதிலைத் தாண்டும்போது அந்தத் திண்டைப் பார்க்காமல் நடந்தாள். கடையில் பட்டனை அமுக்கினாள். கடவுச்சொல்லைத் தட்டினாள். விசிறியைத் தட்டி, கடையின் பெயரைத் தேடி, 'இணை'யை அமுக்கினாள். இப்போது வீட்டில் ராசா பச்சையாகியிருப்பான்.

அரட்டைச் செயலி தானே திறந்துகொண்டது. டிரைவர் இத்தனை நாளும் அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் கீழே தள்ளியே வைத்திருந்தார். அவள் பார்த்தாள். மேலே 'அம்மா' என்று ராசா பதிந்து வைத்த பெயர். அதன் கீழே கடைசி வரி அவளுடையதுதான்: 'போய் சேந்துட்டியா ராசா?' பதில் இல்லாமல் அப்படியே நின்றது.

வீட்டில் இதே பக்கத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். விசைப்பலகையில் எழுத்தைத் தேடித் தேடி, ஒரு விரலால் தட்டினாள்.

'சேந்துட்டேன்.'

அனுப்பினாள். அவளுடைய கேள்விக்குக் கீழே, மகன் பெயரில் அந்தப் பதில் போய் உட்கார்ந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் சாவிக்காரர் ராவுவதை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

வெகுநேரம் கழித்து, 'அம்மா' என்ற பெயரின் கீழே ஓர் எழுத்து வந்தது. இடது கையால், தப்பும் தவறுமாகத் தேடி அமுக்கியிருப்பார்.

'ம்.'